வடலூர் அடுப்பைப் பார்க்க வாருங்கள்!

பிரயாணம் போகிறவர்கள் சாதாரணமாக எதைப் பார்க்கப் போவார்கள்? கோபுரத்தைப் பார்க்கப் போவார்கள். அருவியைப் பார்க்கப் போவார்கள். கடலைப் பார்க்கப் போவார்கள். ஓர் அடுப்பைப் பார்ப்பதற்காக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டா? "அடுப்பைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே போய்விட்டது. அதைப் பார்க்க ஊர் விட்டு ஊர் வேறு போக வேண்டுமாக்கும்!" என்று வீட்டு அம்மாள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சுதான். ஆனாலும் இது கொஞ்சம் வேறு மாதிரி அடுப்பு. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி மூட்டப்பட்டது. அன்று மூட்டிய நெருப்பு இன்று வரை அணையவே இல்லை என்று சொல்கிறார்கள். அதன் முன்னால் போய் நிற்கிறவரை, "நீ யார்? எந்த ஊர்? என்ன ஜாதி?" என்று யாரும் கேட்பதில்லை. இலையைப் போட்டு உட்கார வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டத்தில், வடலூரில் இருக்கிறது அந்த அடுப்பு. மூட்டியவர் இராமலிங்க அடிகள். வள்ளலார் என்று நாமெல்லாம் அன்போடு அழைக்கிறவர்.

இந்தப் பிரயாணத்துக்குக் கட்டுச்சோற்றோடு ஒரு கேள்வியையும் முடிந்து எடுத்துக்கொள்வோம். "பிறரையும் உன்னைப் போல் நினை" என்று பல சமயங்களின் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரி, நினைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது போதுமா? எந்த நிபந்தனையும் இல்லாத அன்பு என்கிறார்களே, அது இதுதானா? அல்லது அன்பு இதையும் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறதா?

இது வேலையற்ற வேதாந்திகளின் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் பிறக்கின்றன. கிராமத்தில் தனியாக இருக்கும் தாயாரைப் பிள்ளை பட்டணத்துக்கு அழைத்து வருகிறான். தான் படுக்கும் மெத்தை போலவே அவளுக்கும் ஒரு மெத்தை. தனக்கு இருப்பது போலவே குளிர்ந்த அறை. தான் சாப்பிடும் பண்டமே அவளுக்கும். ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்றாம் மாதம், "என்னைக் கொண்டுபோய் ஊரிலேயே விட்டுவிடப்பா" என்கிறாள் தாய். பிள்ளைக்கு மனம் உடைந்து போகிறது. "என்னைப் போலத்தானே அம்மாவையும் நடத்தினேன்?" என்று கேட்கிறான். அவன் சொல்வது வாஸ்தவம். கோளாறே அங்கேதான் இருக்கிறது! அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு திண்ணையும், தெருவோடு போகிறவர்களிடம் நாலு வார்த்தைப் பேச்சும்.

ஆகவே, நேயர்களே, கேள்வியை மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.

செம்மண் பூமி

சென்னையிலிருந்து வருகிறவர்கள் விக்கிரவாண்டியில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பண்ணுருட்டி வழியாகக் கும்பகோணம் சாலையில் வர வேண்டும். பலாப்பழக் காலமாக இருந்தால், பண்ணுருட்டி வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அப்புறம் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளுமாக வழி நீள்கிறது. அதைத் தாண்டினால் நெய்வேலி.

நெய்வேலியில் பூமிக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுக்கிறார்கள். அதற்கான நிறுவனம் 1956-இல் ஏற்பட்டது. 1962-இல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. எத்தனையோ ஊர்களில் விளக்கு எரிவதற்காக இங்கே இரவு பகலாக நெருப்பு எரிகிறது. அந்தப் பெரிய நெருப்பைத் தாண்டிச் சிறிது தூரம் தெற்கே வந்தால், வயிற்றில் எரியும் நெருப்பை அணைப்பதற்காக எரிகிற சின்ன நெருப்பு இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி இருப்பது யாருக்கும் தெரியாத காலத்திலேயே மூட்டப்பட்ட நெருப்பு அது.

கடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழி வேறு. தறி ஓசை கேட்கும் குறிஞ்சிப்பாடியைத் தாண்டி, விருத்தாசலம் போகும் சாலையில் வர வேண்டும். இரண்டு சாலைகளும் சந்திக்கும் இடம்தான் வடலூர். ரயிலில் வருகிறவர்களுக்குக் கடலூர் – விருத்தாசலம் பாதையில் வடலூர் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. நான்கு திசையிலிருந்தும் வழிப்போக்கர்கள் வந்து சேரும் இடம்! பசித்தவனுக்குச் சோறு போட இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்?

பட்டணத்திலிருந்து கருங்குழிக்கு

அடுப்பைப் பார்ப்பதற்கு முன் அதை மூட்டியவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

சிதம்பரத்துக்கு அருகில் மருதூர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் பிள்ளையாகப் பிறந்தார் இராமலிங்கம். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டபடியால் குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாசம். கந்தகோட்டத்து முருகனையும் திருவொற்றியூர்ச் சிவனையும் பாடிப் பாடியே பையன் வளர்ந்தான்.

அந்த நாளைப் பற்றி அன்பர்கள் ஒரு கதை சொல்வது உண்டு. ஒரு சமயம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது யாரோ ஒருவன் வந்து ஒரு காதில் இருந்த கடுக்கனைக் கழற்றினானாம். அவர் சத்தம் போடவில்லை. புரண்டு படுத்து மறு காதைக் காட்டினாராம். கதை நடந்ததா, பக்தியில் விளைந்ததா என்று இருந்த இடத்திலிருந்து நம்மால் சொல்ல முடியாது. ஆனால் நம் கேள்விக்கு அது நல்ல உரைகல். 'தன்னைப் போல் பிறன்' என்ற கணக்கு மட்டும் பார்க்கிற மனிதன் அங்கே என்ன செய்திருப்பான்? "ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வோம், அப்பா! உனக்கு ஒரு கடுக்கன், எனக்கு ஒரு கடுக்கன்" என்று சொல்லியிருப்பான். அது நியாயம், குறை சொல்ல முடியாது. ஆனால் கதையில் வருகிறவர் தம் காதை நினைக்கவே இல்லை. ஒற்றைக் கடுக்கனை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான் என்று அவனுடைய இடத்திலிருந்து பார்த்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

1858-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையை விட்டுப் புறப்பட்டவர், வடலூரை அடுத்த கருங்குழிக்கு வந்து வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஒன்பது வருஷ காலம் அங்கேதான் இருந்தார். தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்லும் வீடு அதுதான். இன்றும் யாத்திரிகர்கள் போய்ப் பார்க்கிறார்கள். 1865-இல் ஒரு சங்கம் ஏற்படுத்தினார். அடுத்து ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

சாமியார் ஒருவர் கட்டடம் எழுப்புவதென்றால் முதலில் என்ன எழுப்புவார்? கோயில் எழுப்புவார், இல்லாவிட்டால் மடம் எழுப்புவார். இவரோ சமையலறையிலிருந்து ஆரம்பித்தார்! வடலூரைச் சேர்ந்த பார்வதிபுரத்துக் குடியானவர்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வெளியில் 1867-இல் சத்திய தருமச்சாலை எழுந்தது. வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. முதலில் சோறு, பிறகு ஜோதி. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது அல்ல.

அடுப்பின் முன்னால்

வாருங்கள், தருமச்சாலைக்குள் போகலாம்.

அடுப்பு என்றவுடன் நம் வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம் என்று கணக்குச் சொல்கிறார்கள். வரிசையாக அண்டாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் அண்டா இறங்கினால் அடுத்த அண்டா ஏறுகிறது. நெருப்பை மட்டும் அணைய விடுவதில்லை. இரவில் கடைசிப் பந்தி முடிந்த பிறகும் கட்டைகள் கனிந்துகொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் வரப் போகிறவனுக்காக, அவன் யாரென்று தெரியாமலே, நெருப்பு காத்திருக்கிறது.

அடுப்பு மூட்டி ஒன்பது வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் மடிந்தார்கள். பசி என்றால் என்ன என்பதை அந்தப் பஞ்சம் தென்னாட்டுக்குக் காட்டியது. ஆனால் வள்ளலாருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்று அவர் எழுதிய வசன நூலில் பசியைப் பற்றிச் சொல்லும் பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒரு வைத்தியர் நோயை வர்ணிப்பது போலப் பசியை அங்கம் அங்கமாக வர்ணித்திருக்கிறார். பசியை நெருப்பு என்கிறார், புலி என்கிறார், விஷம் என்கிறார். உயிர்களுக்கு வரும் துன்பங்கள் என்று பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகிய ஏழைச் சொல்லி, பசியையும் கொலையையும் மற்றவற்றுக்கு மேலாக எடுத்து வைக்கிறார்.

ஏன் பசிக்கு அந்த இடம்? இங்கேதான் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த சங்கீதம் எனக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்த ஊர் உங்களுக்கு ஆகாது. ஒருவருக்கு மரியாதையாகத் தோன்றுவது மற்றவருக்கு அவமானமாகத் தோன்றும். ஆனால் பசி எல்லோருக்கும் ஒன்று. ராஜாவுக்கு ஒரு பசி, பிச்சைக்காரனுக்கு ஒரு பசி என்று கிடையாது. ஞானியும் பசித்தால் தளர்ந்து போகிறான். "எனக்குப் பசித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவனுக்கும் இருக்கும்" என்று நான் நினைத்தால், அந்த நினைப்பில் துளியும் பிசகு வராது. என் வயிற்றை வைத்து அடுத்தவன் வயிற்றை அளந்துவிடலாம். உலகத்தில் வேறு எந்தத் துன்பத்துக்கும் இவ்வளவு சரியான அளவுகோல் நமக்குள்ளேயே இல்லை.

தன்னைப் போல் பிறரை நினைப்பதும் நிபந்தனையற்ற அன்பும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் கலந்து நிற்கிற இடம் ஒன்று உண்டென்றால், அது பசித்தவன் முன்னால் போட்ட இலைதான். வள்ளலார் அந்த இடத்தைப் பார்த்து அடுப்பைப் போட்டார்.

பந்தியில்

பந்தியில் நீங்களும் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். தலையில் மூட்டையோடு வந்த கூலியாள், காவி கட்டிய பரதேசி, காரில் வந்து இறங்கிய குடும்பம், யாரும் துணையில்லாத கிழவி. பசியைத் தீர்க்கும்போது அவன் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்த ஜாதி என்று விசாரிக்கக் கூடாது. அவனுடைய நடத்தை எப்படி என்றுகூட விசாரிக்கக் கூடாது என்பது வள்ளலார் விதித்த விதி. நடத்தையைக் கூடவா? ஆமாம். நல்லவனுக்குத்தான் சோறு என்று ஒரு சட்டம் போட்டால், அப்புறம் நல்லவனா என்று பார்க்க வாசலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அந்த ஆள் விசாரித்து முடிப்பதற்குள் பசித்தவன் விழுந்துவிடுவான்.

நான் பந்தியில் இருந்த அன்று எதிர் வரிசையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு பல் இல்லை. பரிமாறி வந்தவர் எல்லோருக்கும் போலவே அவர் இலையிலும் சாதத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். நாலு இலை தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார். கிழவர் சோற்றை வாயில் போட்டு வைத்துக்கொண்டு திணறுவது தெரிந்தது. பரிமாறுகிறவர் வந்தார், குனிந்தார், "ரசம் விட்டுக் குழைத்துத் தரட்டுமா, தாத்தா?" என்று கேட்டார். கிழவர் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து கரைய வெந்த சோறாகப் பார்த்துக் கொண்டுவந்து, ரசத்தை விட்டு, கரண்டியாலேயே மசித்து வைத்துவிட்டுப் போனார். கிழவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் பந்தியின் கோடிக்குப் போய்விட்டார்.

நேயர்களே, இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் சாதம் வைத்தாரே, அது தன்னைப் போல் பிறரை நினைத்தது. ஊருக்கெல்லாம் ஒரே சோறு. கிழவருக்கும் அதே சோறு. சமத்துவம் என்றால் அதுதான். ஆனால் பரிமாறியவருக்குப் பல் இருந்தது, கிழவருக்கு இல்லை. திரும்பிப் பார்த்து, "குழைத்துத் தரட்டுமா?" என்று கேட்டாரே, அங்கேதான் வேறொன்று ஆரம்பமாயிற்று. முதலாவதற்கு நம்மை நாமே தெரிந்துகொண்டால் போதும். இரண்டாவதற்கு எதிரே இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அன்பா, அருளா?

'நிபந்தனையற்ற அன்பு' என்பது இந்தக் காலத்துப் பேச்சு. ஆனால் அந்தச் சரக்கு தமிழுக்குப் புதிது அல்ல. திருக்குறளைப் புரட்டினால், 'அன்புடைமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 'அருளுடைமை' என்று தனியாக வேறோர் அதிகாரம் இருக்கிறது. இரண்டும் ஒன்றானால் வள்ளுவர் இரண்டு தரம் பாடுவானேன்? அன்பு நம்மோடு தொடர்புடையவர்கள் மீது செல்வது. அருள், தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் எல்லா உயிர்கள் மீதும் செல்வது என்று பரிமேலழகர் வித்தியாசம் காட்டுகிறார். 'இன்னா செய்யாமை' என்ற மூன்றாவது அதிகாரம் ஒன்றும் இருக்கிறது. 'உனக்கு வலிப்பது அடுத்தவனுக்கும் வலிக்கும் அல்லவா?' என்று கேட்டு, தன்னைப் போல் பிறரை நினைக்கும் பாடத்தை வள்ளுவர் அங்கே வைத்தார். பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருக்க அந்தப் பாடம் போதும். நன்மை செய்யப் புறப்படுகிறவனுக்கு அது ஆரம்பப் பாடம்தான்.

வள்ளலார் இதில் ஒரு படி மேலே போனார். தொடர்பே இல்லாதவர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை என்றார். எல்லா உயிர்களும் ஒரே கடவுளால் படைக்கப்பட்டவை. ஆகையால் அவை சகோதரர்கள். சகோதரன் துன்பப்பட்டால் சகோதரனுக்கு உருக்கம் உண்டாவது இயற்கை என்பது அவர் வாதம். அப்படி உருக்கம் வராவிட்டால்? வராதவனை அவர் பாவி என்று தள்ளவில்லை. அவனுடைய ஆன்ம அறிவு என்ற கண் மங்கிப்போயிருக்கிறது என்றார். இந்த வழியில் பார்த்தால், எதிரே இருப்பவனிடம் என்ன தகுதி இருக்கிறது என்ற கேள்வியே எழாது. அண்ணன் தம்பிக்குச் சோறு போடத் தகுதிப் பத்திரம் கேட்பார்களா?

சபையின் வாசலில்

தருமச்சாலையை விட்டு வெளியே வந்து சத்திய ஞான சபைக்குப் போவோம். பரந்த வெளியில், எட்டுப் பக்கங்களோடு தாமரை மலர்ந்தது போல் ஒரு கட்டடம். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, தைப்பூசத்தன்று, இங்கே முதல் ஜோதி தரிசனம் நடந்தது. உள்ளே ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்னிறம், வெள்ளை, கடைசியில் எல்லா நிறமும் கலந்தது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதியைக் காட்டுகிறார்கள். அந்த வெளி முழுவதும் ஜன சமுத்திரமாகிவிடும்.

ஆனால் வாசலில் சற்று நில்லுங்கள். கொலையையும் புலாலையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறது. மற்றவர்கள் வெளியே இருந்து தரிசிக்க வேண்டும்.

"பார்த்தீர்களா! நிபந்தனை இல்லை என்று சொல்லி அழைத்து வந்தீர். இங்கே ஒரு நிபந்தனை தொங்குகிறதே?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இதை மூடி மறைத்து எழுதினால் வடலூரைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? அன்பிலிருந்துதான் வந்தது. 'பிறர்' என்ற சொல்லில் நாம் மனிதரை மட்டும் சேர்க்கிறோம். வள்ளலார் ஆட்டையும் கோழியையும் சேர்த்தார். ஆடும் தன்னைப் போல் ஓர் உயிர் என்றால், ஆட்டை அறுக்கிறவரிடம், "இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வா" என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஓர் உயிர் மீது வைத்த அன்பு, இன்னோர் உயிருக்கு ஒரு நிபந்தனையாகப் போய் நிற்கிறது! எல்லோரையும் ஒரே சமயத்தில் நேசிக்கப் புறப்படுகிறவர்கள் வந்து முட்டிக்கொள்கிற இடம் இது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை போடும்போது எந்தத் தாயும் இந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

புலால் உண்பவர்கள் அந்த வாசலைப் பார்த்து மனம் நோவதும் உண்டு. 'என்னைச் சகோதரன் என்று சொல்லிவிட்டு வெளியே நிறுத்துகிறார்களே!' என்று நினைத்தால், அந்த நினைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வள்ளலாரும் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்ல. உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்களை அகவினத்தார் என்றார்; விடாதவர்களைப் புறவினத்தார் என்றார். ஆனால், புறவினத்தார் என்று பெயர் வைத்த பிறகும், அவர்களுக்குப் பசி வந்தால் அதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று எழுதி வைத்தார். சபையின் கதவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாலையின் கதவுக்கு அது இல்லை. ஜோதியைக் காண வருகிறவன் தன்னைத் திருத்திக்கொண்டு வர வேண்டும். பசியோடு வருகிறவன் வந்தபடியே வரலாம்.

ஒரு மனிதனிடம் ஒன்றை எதிர்பார்ப்பது வேறு. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாத வரையில் சோற்றை நிறுத்தி வைப்பது வேறு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் எத்தனை தடவை குழப்பிவிடுகிறோம்! பரீட்சையில் தேறாத பையனுக்கு அறிவுரை சொல்வது தகப்பனார் கடமை. ஆனால் அறிவுரையோடு முகத்தையும் திருப்பிக்கொண்டு விடுகிறோம். சபை வாசலும் சாலை வாசலும் நம் வீட்டில் ஒரே கதவாகிவிடுகின்றன. அப்போதுதான் அன்பு வியாபாரமாகிறது.

மேட்டுக்குப்பம்

வடலூரை அடுத்து மேட்டுக்குப்பம் இருக்கிறது. 1870 முதல் வள்ளலார் இங்கேதான் இருந்தார். சித்தி வளாகம் என்று பெயர். சின்ன மாளிகை, அதில் ஓர் அறை. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அந்த அறை வாசலில் நிற்கும்போது நம் கேள்வியின் மற்றொரு முகம் தெரிகிறது. வள்ளலார் தம்மை எப்படி நடத்திக்கொண்டார்? வெள்ளை வேஷ்டியால் தலையையும் உடம்பையும் போர்த்திக்கொண்டிருந்தார். மிகச் சொற்பமாகச் சாப்பிட்டார் என்கிறார்கள். தம்மைச் சாமி என்று அழைப்பதையும் விரும்பாமல், கடிதங்களில் சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையெழுத்துப் போட்டார். தம்மைப் போலவே பிறரையும் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வந்தவர்களுக்கெல்லாம் அரை வயிறு சோறுதான் கிடைத்திருக்கும்! அவரோ தமக்குக் குறைத்துக்கொண்டார்; பிறருக்கு அண்டா அண்டாவாகப் பொங்க வைத்தார்.

நம்மிலும் பலர் தங்களிடமே கடுமையாக இருக்கிறவர்கள்தான். ஓய்வு என்பதை அறியாத எஜமானர் வேலைக்காரருக்கும் ஓய்வு தர மாட்டார். அழுகையை அடக்கியே வளர்ந்த தாய், பெண் அழுதால் கோபித்துக்கொள்வாள். "நான் பட்டேனே, நீயும் படு" என்பதும் தன்னைப் போல் பிறரை நினைப்பதுதானே? கோல் கோணலாக இருந்தால் அளப்பதெல்லாம் கோணலாகத்தான் போகும்.

மூட்டையை அவிழ்ப்போம்

சரி, கட்டிக்கொண்டு வந்த கேள்வியை அவிழ்த்துப் பார்த்துவிடுவோம். தன்னைப் போல் பிறரை நடத்துவதுதான் நிபந்தனையற்ற அன்பா?

பசி வரைக்கும் ஆமாம். வலி வரைக்கும் ஆமாம். அங்கே நம் உடம்பே நமக்குக் குரு. 'எனக்குப் பசித்தால்?' என்று கேட்டுக்கொண்டு அடுப்பை மூட்டிவிடலாம். வேறு விசாரணை வேண்டாம். ஆனால் பசி தீர்ந்து மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்தவுடன், அவன் நம்மைப் போல் இல்லை என்பது தெரிய ஆரம்பிக்கிறது. அப்போதும் நம் கோலாலேயே அவனை அளந்துகொண்டிருந்தால், அவன் பெயரைச் சொல்லி நம்மையே நேசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அங்கேயிருந்து மேலே போக ஒரு வழிதான் உண்டு. திரும்பிப் பார்க்க வேண்டும், குனிய வேண்டும், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். வருகிற பதில் நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். "என்னைக் கொண்டுபோய் ஊரிலேயே விட்டுவிடப்பா" என்று தாய் சொல்லலாம். அந்தப் பதிலையும் தாங்கிக்கொள்கிற மனசுக்குத்தான் நிபந்தனையற்ற அன்பு என்று பெயர் வைக்க வேண்டும். தன்னைப் போல் நினைப்பது அதற்கு வாசற்படி. படியில் கால் வைக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. படியிலேயே உட்கார்ந்துகொண்டாலும் வீட்டுக்குள் போக முடியாது.

போகிறவர்களுக்கு

ஜோதி தரிசனம் காண விரும்புகிறவர்கள் தைப்பூசத்துக்குப் போகலாம். அன்று காலையிலிருந்து மறுநாள் விடியற்காலை வரை ஆறு தடவை தரிசனம் உண்டு. கூட்டம் நெரியும், குழந்தைகளைக் கையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் ஆகாதவர்கள் மாதப் பூசத்தன்று போகலாம். அன்று ஆறு திரைகளை விலக்கிக் காட்டுவார்கள். அடுப்பைப் பார்க்க மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. என்றைக்குப் போனாலும் எரியும். கருங்குழியும் மேட்டுக்குப்பமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். வண்டி வசதி இருந்தால் மருதூரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புறப்படும்போது வீட்டிலிருந்து ஒரு படி அரிசியோ கொஞ்சம் பருப்போ எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தாலும், விளக்கின் மேலேயே உபயதாரர் பெயரை எழுதி, வெளிச்சத்தில் பாதியை மறைத்துவிடுவோம். அரிசியின் மீது பெயர் எழுத முடியாது. அது அண்டாவில் விழுந்துவிட்டால் உங்கள் அரிசி எது, என் அரிசி எது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் தின்று பசியாறுகிறவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது.

கொடுத்துவிட்டு வந்து, பந்தியில் ஓர் இலையின் முன்னால் உட்காருங்கள். உங்களையும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.